விபத்து இழப்பீட்டு வழக்கு: சாட்சிக் கூண்டுக்கு முன்பே முடிவாகும் காரியங்கள்

எலும்பு முறிவுச் சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் நோயாளியின் உறவினர்கள் எங்களிடம் கடைசியாகக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் மருந்து மாத்திரையைப் பற்றியதாக இருப்பதில்லை. "எத்தனை பர்சன்ட்டுங்க சார் போடுவீங்க?" என்பதுதான் அது. கோயம்புத்தூர் – மைசூர் சாலையிலும், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இரவில் பின்விளக்கின்றி ஊர்ந்து செல்லும் கிராமச் சாலைகளிலும் அடிபட்டு வருவோர் சத்தியமங்கலம் பகுதி மருத்துவமனைகளுக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களுள் பலர் பின்னர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடுகின்றனர். மருத்துவர் எழுதும் சதவீதம் ஒன்றே தொகையை நிர்ணயிக்கிறது என்னும் எண்ணம் அவர்களிடையே வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் பாதி சரி. மறுபாதியை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தீர்ப்பாயத்தில் முதல் சாட்சி கூண்டேறுவதற்கு முன்பே வழக்கின் போக்கை நிர்ணயிக்கும் பல முடிவுகள் எடுக்கப்பட்டு விடுகின்றன. மனுவை எந்த ஊரில் தாக்கல் செய்வது, எவ்வளவு நாட்களுக்குள் செய்வது, எவரெவரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது, உடற்குறைபாட்டை எவர் எப்போது மதிப்பிடுவது, மருத்துவரின் சாட்சியத்தை எவ்வாறு பதிவு செய்வது, சமரசத்துக்கு இசைவதா வேண்டாமா என்பவை அவை. சிலவற்றைத் தீர்ப்பாயம் தீர்மானிக்கிறது. சிலவற்றை நோயாளியின் குடும்பம் தீர்மானிக்கிறது. ஒன்றை மட்டும், எவரும் தீர்மானிக்கிறோம் என்று அறியாமலே, அவசர சிகிச்சைப் பிரிவின் மேசையருகே தீர்மானித்து விடுகின்றனர். நாங்கள் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் அல்லர். சட்ட ஆலோசனையை வழக்கறிஞரிடமே பெற வேண்டும். ஆயினும் எங்கள் கையெழுத்துடன் வெளிச்செல்லும் காகிதங்கள் அங்கே எவ்வாறு வாசிக்கப்படுகின்றன என்பதை நோயாளிகளும் உடனிருப்போரும் அறிந்திருப்பது நல்லது.

பதிவேட்டின் ஒரு வரி

விபத்தில் காயமுற்று வரும் ஒவ்வொருவருக்கும் விபத்துப் பதிவேட்டில் குறிப்பு எழுதப்படுகிறது. ஏ.ஆர். நகல் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பெயர், வயது, வந்த நேரம், அழைத்து வந்தவர், காயங்களின் அளவு ஆகியவற்றுடன், விபத்து எங்கே, எப்போது, எவ்வாறு நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்டது என்ற ஒரு வரியும் அதில் இருக்கும். காயங்களை நாங்கள் கண்ணால் பார்த்து எழுதுகிறோம். அந்த ஒரு வரியை மட்டும், பிறர் சொல்லக் கேட்டு எழுதுகிறோம்.

நள்ளிரவில் பதற்றத்துடன் வரும் உறவினர் சிலர், காவல் நிலையம், வழக்கு என்ற அலைச்சலுக்கு அஞ்சி, "வண்டியிலிருந்து தானாக விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிடுகின்றனர். இடித்த வண்டிக்காரர் உள்ளூர்க்காரராக இருந்து, செலவை ஏற்றுக்கொள்வதாக வாக்களித்திருப்பதும் உண்டு. பத்து நாளில் அந்த வாக்கு கைவிடப்படும். குடும்பம் காவல் நிலையம் செல்லும். முதல் தகவல் அறிக்கையில் மோதிய வாகனத்தின் எண் இடம்பெறும். ஆனால் விபத்து நடந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுதப்பட்ட மருத்துவமனைப் பதிவில் வேறு எந்த வாகனமும் இராது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் தேடி எடுப்பது அந்த வரியைத்தான். வாகனமே பின்னர் புனைந்து சேர்க்கப்பட்டது என்று அவர் வாதிடுவதற்கு அதைவிட எளிய ஆதாரம் கிடைக்காது.

அவ்வரியைப் பின்னர் திருத்தித் தருமாறு எங்களிடம் வேண்டுவோர் உண்டு. திருத்த இயலாது, திருத்தினால் அது குற்றமாகும். நோயாளி மயக்கத்தில் வந்திருந்து, நினைவு திரும்பியபின் தாமே விவரம் கூறுவாரெனில், அதைத் தேதி, நேரத்துடன் நோயாளிக் குறிப்பேட்டில் தனியே பதிவு செய்யுமாறு கேட்கலாம். அது பழைய வரியை அழிப்பதன்று; அதன் பக்கத்தில் நிற்பது. ஆகவே அழைத்து வருபவர் தமக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வது நலம். நேரில் காணாதவர் "நான் பார்க்கவில்லை, சாலையில் கிடந்தார் என்று தகவல் வந்தது" என்று சொன்னால் அதையே எழுதுவோம்.

உண்மையிலேயே தானாக விழுந்தவரும் உண்டு. தம் கவனக்குறைவால் தாமே விழுந்த வாகன ஓட்டி பிறரிடம் இழப்பீடு கோர இயலாது. எனினும், வாகனத்தின் உரிமையாளரே ஓட்டியிருந்தால், அவருக்கெனக் காப்பீட்டில் ரூ.15 லட்சம் வரையிலான தனிநபர் விபத்துக் காப்பு இருக்கக்கூடும். மரணத்துக்கும் குறிப்பிட்ட வகையான நிரந்தர உடற்குறைபாடுகளுக்கும் அது பொருந்தும். செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் தேவை. பொய்யாக இன்னொரு வாகனத்தைச் சேர்த்து, இருந்த காப்பையும் இழந்து நிற்பது பரிதாபத்துக்குரியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 18 அன்று தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், விபத்துக்குப் பிந்திய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நோயாளி பணம் செலுத்த வேண்டியதில்லை. உயிர்காக்கும் திட்டம்தான். ஆனால், பணம் கட்டவில்லையாதலால் காகிதமும் வேண்டாம் என்று பலர் வெறுங்கையுடன் அடுத்த மருத்துவமனைக்குச் சென்றுவிடுகின்றனர். சத்தியமங்கலத்தில் முதலுதவி, கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை, மீண்டும் இங்கே கட்டு மாற்றுதல் என்று மூன்று இடங்களில் சிகிச்சை பெற்றவருக்கு, முதல் இடத்துக் காகிதமே விபத்துக்கும் காயத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவது.

எங்கே, எப்போது, எவர்மீது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 166-ஆம் பிரிவு, மனுவை விபத்து நடந்த இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலோ, மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலோ, எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்திலோ தாக்கல் செய்யலாம் என்கிறது. சாம்ராஜ்நகர் பக்கத்தில் கர்நாடக லாரி மோதிக் கால் முறிந்தவர் வழக்குக்காக அங்கே அலைய வேண்டியதில்லை. தாம் குடியிருக்கும் சத்தியமங்கலத்திலேயே மனுச் செய்யலாம். திருப்பூரில் வேலை செய்து அங்கே அடிபட்டவருக்கும் அவ்வாறே. ஊன்றுகோலுடன் வாய்தாவுக்கு வாய்தா பேருந்து ஏற வேண்டியவருக்கு இத்தெரிவு சிறிய காரியமன்று. ஒரே விபத்தில் காயமுற்ற பலர் வெவ்வேறு மாநிலங்களில் மனுச் செய்தால், முதலில் தாக்கலான மனு இருக்குமிடத்துக்கே மற்றவையும் மாற்றப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் கூறியுள்ளது.

காலத்தைப் பற்றி எங்களால் அழுத்திச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. 1994 முதல் இம்மனுக்களுக்குக் காலவரம்பு இல்லாதிருந்தது. அந்தப் பழைய நினைவில், "ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்கின்றனர். 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தால், 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி மீண்டும் வந்துவிட்டது. அவ்விதியை எதிர்க்கும் மனுக்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. அவற்றை நம்பிக் காத்திருப்பது விவேகமன்று. காவல்துறை விபத்து பற்றித் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் அறிக்கையையே மனுவாகக் கொள்ளவும் சட்டம் இடமளிக்கிறது. அதே 2022-இல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகளின்படி காவல்துறை முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள்ளும் அளிக்க வேண்டும். மருத்துவச் சட்டச் சான்றை 15 நாட்களுக்குள் அளிப்பது எங்களைப் போன்ற மருத்துவமனைகளின் கடமை. இவையெல்லாம் தாமாக நடந்துவிடும் என்று கருதாமல், ஆறு மாதம் என்பதை நாட்காட்டியில் குறித்து வைப்பதே நல்லது.

இங்கே எங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு சிக்கல் எழுகிறது. தொடை எலும்பு முறிவு கூடி, தசை வலுப்பெற்று, முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பது நிலைபெற ஓராண்டும் ஆகலாம். ஆறு மாதத்தில் நிரந்தரக் குறைபாட்டைச் சொல்ல இயலாத நோயாளிகள் பலர். அதற்காக மனுவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மனுவை உரிய காலத்தில் தாக்கல் செய்துவிட்டு, மதிப்பீட்டைச் சிகிச்சை முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். மனுவில் கேட்ட தொகையைவிட அதிகமாகவும் நியாயமான இழப்பீட்டைத் தீர்ப்பாயம் வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் நாகப்பா வழக்கில் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் எச்சரிக்கை ஒன்றும் உள்ளது: இறுதித் தீர்ப்பு வழங்கியபின், பிற்காலச் சிகிச்சைச் செலவுக்கென இன்னொரு தீர்ப்பை இச்சட்டத்தின்கீழ் பெற இயலாது. பொருத்திய தகட்டை அகற்றும் அறுவை சிகிச்சை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய செயற்கைக் கால், பின்னாளில் தேவைப்படக்கூடிய மூட்டு மாற்று ஆகியவற்றை முதல் முறையே கேட்டாக வேண்டும். நோயாளி எங்களிடம் "இனி என்னென்ன செலவு வரும், எழுதித் தாருங்கள்" என்று கேட்பது உரிமையே, தயங்க வேண்டியதில்லை.

எதிர்மனுதாரர்களைப் பொறுத்தவரை ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரும் வழக்கமாகச் சேர்க்கப்படுகின்றனர். கைமாறி விற்கப்பட்ட வேன்களும் இரு சக்கர வாகனங்களும் நம் பக்கத்தில் ஏராளம். பதிவுச் சான்றிதழில் பெயர் மாற்றாமலே மூன்றாவது கைக்குப் போயிருக்கும். பதிவில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் கூறியது. வண்டியை விற்றவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அரசுப் பேருந்து மோதியிருந்தால், போக்குவரத்துக் கழகமே தொகைக்குப் பொறுப்பாகும். தீர்ப்பான தொகையைச் செலுத்தாததால் பேருந்து ஜப்தி என்று நாளிதழில் வரும் செய்திகளின் பின்னணி இதுவே. மோதிய வாகனம் எதுவென்றே தெரியாவிட்டால், மரணத்துக்கு ரூ.2 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.50,000-உம் வழங்கும் அரசுத் திட்டம் உண்டு. லாரியின் ஓட்டுநரோ கிளீனரோ பணியின்போது காயமுற்றால், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழோ மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழோ ஏதேனும் ஒன்றில் மட்டுமே கோரலாம். எது ஏற்றது என்பதை மனுவில் கையெழுத்திடுமுன் வழக்கறிஞரிடம் கேட்டறிய வேண்டும்.

சதவீதம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

இனி, எங்களிடம் கேட்கப்படும் கேள்விக்கு வருவோம். நாங்கள் எழுதும் சதவீதம் ஓர் உறுப்பின் செயல் எவ்வளவு குறைந்துள்ளது என்பதன் அளவு. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு, கால் எத்தனை சென்டிமீட்டர் குட்டையாகியுள்ளது என்று அளந்து, மத்திய அரசு வெளியிட்டுள்ள வழிகாட்டு நெறிமுறைகளின்படி கணக்கிடுகிறோம். இடக்காலில் 45 சதவீதம் என்றால், மனிதரில் 45 சதவீதம் போயிற்று என்பது பொருளன்று. முழு உடலுக்குக் கணக்கிட்டால் அது வெகுவாகக் குறையும். அவரது வருமானத்தில் எவ்வளவு போயிற்று என்பது மூன்றாவது கணக்கு. அந்த மூன்றாவது கணக்கைச் செய்யும் அதிகாரம் எங்களுக்கு இல்லை, தீர்ப்பாயத்துக்கே உண்டு.

இதைத் தெளிவுபடுத்தியது, 2010 அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் வழங்கிய தீர்ப்பு. நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய அத்தீர்ப்பில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. இடக்கையை இழந்தவரின் நிரந்தரக் குறைபாடு ஏறத்தாழ 60 சதவீதம் எனலாம். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு நூறு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலே இருக்கலாம். கை ஒன்றே, சதவீதம் ஒன்றே, இழப்பு ஒன்றல்ல. ஆகவே தீர்ப்பாயம் முதலில், காயமுற்றவர் முன்பு என்ன வேலை செய்தார், இப்போது அதில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, வேறு பிழைப்புக்கு வழியுண்டா என்று பார்க்க வேண்டும்.

இதை நம்மூர் வாழ்க்கையில் வைத்துப் பார்க்கலாம். சத்தியமங்கலத்தின் மல்லிகைத் தோட்டத்தில் விடியுமுன் பூப்பறிக்கும் பெண் ஒருவருக்கு வலக்கை விரல்கள் இறுகிவிட்டன என்று கொள்வோம். அவருக்கு வயது 32. மாத வருமானம் ரூ.10,000 எனக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எங்கள் அளவையில் முழு உடலுக்கு 10 சதவீதம் வரலாம். 40 வயதுக்குட்பட்ட சுயவருமானக்காரருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் கூறியது. அது காயமுற்றோருக்கும் பொருந்தும் என 2020-இல் இன்னொரு தீர்ப்பு உறுதி செய்தது. மாதம் ரூ.14,000 ஆகிறது. சரளா வர்மா வழக்கின் (2009) அட்டவணைப்படி அவ்வயதுக்குப் பெருக்கும் எண் 16. ஆண்டு வருமானத்தை 16-ஆல் பெருக்கினால் ரூ.26,88,000. இதில் 10 சதவீதம் ரூ.2,68,800. ஆனால் அவர் செய்தறிந்த ஒரே வேலைக்கு விரல் நுனிகளே கருவி. வருமான இழப்பு 40 சதவீதம் என்று தீர்ப்பாயம் கண்டால் தொகை ரூ.10,75,200. மருத்துவச் சான்றிதழில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது, அவர் என்ன வேலை செய்கிறார் என்பது எவ்வளவு தெளிவாக முன்வைக்கப்பட்டது என்பதே.

மனுவில் 'கூலி' என்ற ஒற்றைச் சொல்லோடு தொழிலை முடித்துவிடுவது எங்களுக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது. பூப்பறிப்பதா, வாழைத்தார் சுமப்பதா, தறி ஓட்டுவதா, மரம் ஏறுவதா என்று எழுதப்பட வேண்டும். எங்களிடம் மதிப்பீட்டுக்கு வரும்போதும் அதைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் "விரலால் பற்றும் வலு இல்லை; நுண்ணிய கைவேலை செய்ய இயலாது" என்பன போன்ற செயல்விவரங்களைச் சதவீதத்தோடு சேர்த்து எழுத முடியும். சம்பளச் சீட்டு இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை. வலக்காலை இழந்த கர்நாடகக் காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில் (சையது சாதிக், 2014), வருமானத்துக்கு எழுத்துச் சான்று இல்லாதபோதும் மாதம் ரூ.6,500 என ஏற்று, வருமான இழப்பை 85 சதவீதம் என உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது.

எவர் மதிப்பிடுவது என்பதும் விசாரணைக்கு முன் தீர்மானமாக வேண்டிய ஒன்று. சிகிச்சையே அளிக்காத ஒருவரிடம் பணம் கொடுத்துப் பெரிய எண்ணை வாங்கிவிடலாம் என்று சொல்லும் இடைத்தரகர்கள் எல்லா ஊரிலும் உள்ளனர். கேட்டவுடன் தயாராகக் கிடைக்கும் இத்தகைய சான்றிதழ்களைக் குறித்து எச்சரிக்கையாக இருக்குமாறு ராஜ்குமார் தீர்ப்பே தீர்ப்பாயங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. சிகிச்சை அளித்தவரோ, முறையாக மதிப்பிட்டவரோ சாட்சியம் அளிக்க வேண்டும். சான்றிதழை வெறுமனே தாக்கல் செய்வது போதாது. மனநிறைவு ஏற்படாவிடில் தீர்ப்பாயம் மருத்துவ வாரியத்துக்கு அனுப்பலாம். இவ்வியாபாரத்தால் உண்மையில் பாதிக்கப்படுவோர் நேர்மையான நோயாளிகள்தாம் என்பது எங்கள் கருத்து. ஊதிப் பெருக்கிய எண்களைக் கண்டு சலித்த தீர்ப்பாயம், எல்லாச் சான்றிதழ்களையும் ஐயத்தோடு குறைத்துப் பார்க்கப் பழகிவிடுகிறது. 25 சதவீதம் உள்ளபடி உள்ளவரும் அக்குறைப்புக்குத் தப்புவதில்லை. இங்கிலாந்தில் 1999-இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் விதிகள், மருத்துவ நிபுணரின் கடமை தமக்குக் கட்டணம் தருபவரிடம் அல்ல, நீதிமன்றத்திடமே என்று எழுதியே வைத்துவிட்டன. நாங்களும் அவ்வாறே எண்ணிக் கையெழுத்திடுகிறோம். அதனால் சில குடும்பங்களின் மனவருத்தத்துக்கு ஆளாவதும் உண்டு.

மருத்துவ வாரியத்துக்கு அனுப்பினாலே தம்மைப் பொய்யர் என்று கருதுவதாக நோயாளிகள் புண்படுகின்றனர். அவ்வாறு எண்ண வேண்டியதில்லை. காயமுற்றவரின் உடலைப் பரிசோதிக்க ஆணையிடும் அதிகாரம் எதுவரை செல்லும் என்பது உலகெங்கும் விவாதிக்கப்பட்ட பொருள். அமெரிக்காவில் கார் விபத்தில் காயமுற்று வழக்குத் தொடுத்த பெண் ஒருவர், நீதிமன்றம் ஆணையிட்ட பரிசோதனைக்கு மறுத்ததால் அவமதிப்புக் குற்றத்துக்கு ஆளானார். 1941-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பரிசோதனைக்கு ஆணையிடுவது செல்லும், ஆனால் மறுத்தமைக்காகச் சிறையிட இயலாது என்று முடிவு செய்தது. நம் உச்ச நீதிமன்றமும் 2003-இல், ஒரு மண வழக்கில், உரிமையியல் நீதிமன்றம் மருத்துவப் பரிசோதனைக்கு ஆணையிடலாம், மறுத்தால் மறுப்பவருக்கு எதிரான அனுமானத்துக்கு வரலாம் என்று கூறியது. ஆகவே வாரியத்தின் முன் மறுக்காமல் செல்வதே நல்லது. பழைய எக்ஸ்ரே படங்கள், அறுவை சிகிச்சைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகிய அனைத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும். வலியைக் கூட்டியும் சொல்ல வேண்டாம். கூச்சத்தால் குறைத்தும் சொல்ல வேண்டாம். "பரவாயில்லைங்க, சமாளிச்சுக்கறேன்" என்று சொல்லிப் பழகிய நம் பக்கத்து முதியவர்கள் இரண்டாவதையே பெரும்பாலும் செய்கின்றனர்.

மருத்துவர் நீதிமன்றத்துக்கு வருவதில்லை என்ற குறை நியாயமானதே. எங்கள் தரப்பையும் ராஜ்குமார் தீர்ப்பு கருத்தில் கொண்டது. அறுவை அரங்கில் நோயாளிகள் காத்திருக்க, ஒரு வழக்குக்காக மருத்துவர் நாள் முழுவதும் தீர்ப்பாய வாசலில் அமர்ந்திருப்பது எவருக்கும் நன்மையன்று. கட்டாயப்படுத்தி வரவழைப்பதும் தீர்வாகாது என்று கூறி, குறிப்பிட்ட நேரத்தை முன்னரே வரையறுக்குமாறும், மருத்துவமனைக்கே ஆணையர் ஒருவரை அனுப்பிச் சாட்சியத்தைப் பதிவு செய்யுமாறும் வழிகாட்டியது. எதிர்த்தரப்பு மறுக்காத ரசீதுகளையும் குறிப்புகளையும் மருத்துவரை அழைக்காமலே ஆவணமாகக் குறிக்கலாம். உங்கள் வழக்கறிஞர் இதற்கான மனுவை உரிய கட்டத்திலேயே அளித்தால், மருத்துவர் வரவில்லை என்று நான்கு வாய்தா வீணாகாது.

சமரசப் பேச்சு

காப்பீட்டு நிறுவனமே முன்வந்து ஒரு தொகையைத் தருவதாகச் சொல்லலாம். தவறு எவருடையது என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு ரூ.5 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சமும் பெற 164-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் அத்தொகையை முறைப்படி ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள மனு காலாவதியாகிவிடும். சிறிய முறிவுக்கு அது போதுமானதாக இருக்கலாம். தண்டுவடம் பாதித்தவருக்குப் போதவே போதாது.

மக்கள் நீதிமன்றத்திலும் பல வழக்குகள் முடிகின்றன. அங்கே இசைந்து முடித்தால் மேல்முறையீடு கிடையாது. விரைவில் பணம் கிடைப்பது பெரும் நன்மை. கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு ஐந்து ஆண்டு காத்திரு என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது. எலும்பு இன்னும் கூடாத, தலைக்காயத்தின் பின்விளைவு இன்னும் தெளியாத நிலையில் கையெழுத்திடுவதற்கு முன் மட்டும் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம், "இன்னும் அறுவை சிகிச்சை இருக்கிறதா, இதற்குமேல் முன்னேற்றம் வருமா?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். வழக்கறிஞருக்குக் கட்டணம் தர இயலாதவர்கள் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமலே இலவச உதவி உண்டு. தாளவாடி, கடம்பூர் மலைக்கிராமங்களிலிருந்து வருவோர் இதைக் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும்.

உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் உழைப்பும் கணக்கில் சேரும். விபத்தால் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுமியின் வழக்கில் (காஜல், 2020), உச்ச நீதிமன்றம் இரண்டு உதவியாளர்களுக்கு மாதம் தலா ரூ.5,000 எனக் கொண்டு, 18-ஆல் பெருக்கி, ரூ.21,60,000 வழங்கியது. பராமரிப்பவர் தாயாகவே இருந்தாலும், அவர் விட்டுவந்த வேலையும் கூலியும் இழப்பே. எத்தனை மாதம் ஒருவர் துணையின்றி எழ இயலாது, எத்தனை மாதம் கழிப்பறைக்கும் கைத்தாங்கல் வேண்டும் என்பதை எங்களிடம் எழுதிக் கேட்டுப் பெறுங்கள். ஆம்புலன்ஸ், வாடகைக் கார், சத்துணவு, உடற்பயிற்சிச் சிகிச்சை ஆகியவற்றின் ரசீதுகளைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். வெயிலில் கிடந்தால் ரசீதின் எழுத்து மங்கிவிடும். நகல் எடுத்துக்கொள்வது நல்லது.

காகிதங்களைக் கேட்கும் உரிமை

இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் மருத்துவக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். உள்நோயாளிக் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருப்பது மருத்துவரின் கடமை. தீர்ப்பாய வழக்கு அதற்குமேலும் நீளக்கூடும் என்பதால், நான்காவது ஆண்டில் வந்து தேடுவதைவிட வீடு திரும்பும் வாரத்திலேயே முழு நகலைப் பெற்றுக்கொள்வது உத்தமம். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள்.

குறை எங்கள்மீதே என்று கருதி, சிகிச்சையைக் குறித்து வழக்குத் தொடுக்க எண்ணுவோருக்கும் இதே விதி, இதே 72 மணி நேரம்தான். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-இல் இந்திய மருத்துவ சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே முறையிடக் காலவரம்பு இரண்டு ஆண்டுகள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டிய அவசியம் நோயாளிக்கு இல்லை.